களைத்துப் போகாமல் கடைக்குப் பதிவுகள் தயாரிப்பது எப்படி?

கடைக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் என்று எல்லாவற்றிலும் கணக்குத் தொடங்கியாயிற்று. முதல் இரண்டு வாரம் தினமும் படம் போட்டீர்கள். மூன்றாவது வாரம் ஒரு நாள் விட்டுப் போயிற்று. இப்போது இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வந்து, "இன்னைக்கு என்னத்தைப் போடறதுங்க?" என்று திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறீர்கள். சரிதானே?

சிறு வியாபாரம் செய்பவர்களில் பலரும் சிக்கிக் கொள்ளும் இடம் இது. விளம்பரக் கம்பெனிக்குப் பணம் கொடுக்க வசதியில்லை. தானே செய்யலாம் என்றால் நேரமில்லை. விடவும் மனமில்லை. இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர ஒரு வழிமுறையை இக்கட்டுரையில் பார்ப்போம். கடைக்காக நீங்கள் இணையத்தில் போடும் படம், வீடியோ, எழுத்து எல்லாவற்றையும் பொதுவாகப் 'பதிவு' என்றே குறிப்பிடுகிறேன்.

உதாரணத்திற்குக் கோவை உக்கடத்தில் ஒரு மீன் கடை இருப்பதாக வைத்துக் கொள்வோம். பெரியகுளம், மொத்த மீன் மார்க்கெட், பழைய புத்தகக் கடைகள் என்று எப்போதும் கூட்டம் நிறைந்த பகுதி. சற்றுத் தள்ளி ஆத்துப்பாலத்தில் பாலக்காடு சாலையும் பொள்ளாச்சி சாலையும் பிரிகின்றன. உங்கள் கடை துணிக்கடையோ, பேக்கரியோ, எதுவாக இருந்தாலும் இதே முறை பொருந்தும்.

களைப்பு என்பது சோம்பல் அல்ல

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட விளக்கத்தில், வேலையால் வரும் இந்தக் கடும் களைப்புக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. ஒன்று, சக்தியெல்லாம் வற்றிப் போன உணர்வு. இரண்டு, செய்யும் வேலையின் மீதே வெறுப்பு அல்லது ஒட்டாத தன்மை. மூன்று, வேலையின் திறன் குறைவது. சரியாகச் சமாளிக்கப்படாத, நீண்ட நாள் வேலை அழுத்தத்தால் இது வருகிறது என்கிறது அந்நிறுவனம். இதை அது நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலை சார்ந்த நிலை என்றே குறிப்பிடுகிறது. அப்படியானால் மாற்ற வேண்டியது வேலை செய்யும் முறையை.

கடைக்காரருக்கு இரண்டாவது அடையாளம்தான் ஆபத்து. பதிவு போடுவதில் வரும் எரிச்சல் அதோடு நிற்காது, கல்லாவுக்கு முன் நிற்கும் வாடிக்கையாளர் மீதும் பாயும்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம்

தினமும் ஒரு பதிவு, ஒரு பதிவுக்கு ஒரு மணி நேரம் என்று வையுங்கள். மாதத்திற்கு 30 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாளாகக் கொண்டால் கிட்டத்தட்ட 4 நாட்கள். வருடத்திற்கு 365 மணி நேரம், அதாவது 45 வேலை நாட்களுக்கு மேல்! ஒரு வேலையாளுக்கு இத்தனை நாள் சம்பளம் கொடுப்பதாக இருந்தால் எத்தனை முறை யோசிப்பீர்கள்? உங்கள் சொந்த நேரம் என்பதால் கணக்கில் வராமல் போகிறது.

இதற்கு மாற்றாக, வாரம் ஒரே ஒரு முறை ஒன்றரை மணி நேரம் உட்காருவதாக வையுங்கள். மாதத்திற்கு ஆறரை மணி நேரம்தான். மீன் கடைக்குச் செவ்வாய்க்கிழமை மதியம் பொருத்தமாக இருக்கும். அன்று பல வீடுகளில் அசைவம் கிடையாது, வியாபாரம் மந்தம். உங்கள் கடைக்கு எந்த நாள் மந்தமோ அந்த நாளைப் பிடியுங்கள்.

எல்லாத் தெருவிலும் கடை விரிக்காதீர்கள்

நான்கு இடத்தில் கணக்கு இருந்தால் நான்கு இடத்திலும் தீனி போட வேண்டும். புதியவர்களுக்கு இந்த மூன்று போதும்.

1. கூகுள் பிசினஸ் புரொஃபைல். இது இலவசம். கூகுள் மேப்பில் உங்கள் கடையின் பெயர், நேரம், போன் எண், படங்கள் எல்லாம் இதன் வழியாகத்தான் தெரியும். ஒரு முறை சரியாக நிரப்பினால், பிறகு மாதம் ஒரு முறை பார்த்தால் போதும்.

2. வாட்ஸ்அப் பிசினஸ். 2018 ஜனவரியில் வந்த தனி ஆப் இது. பழைய வாடிக்கையாளர்களோடு பேச இதை விடச் சுலபமான வழி இல்லை.

3. இன்ஸ்டாகிராம் அல்லது யூடியூப். இரண்டில் ஒன்று. உங்கள் வாடிக்கையாளர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கடைக்கு வரும் பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலாவதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். உக்கடம் - ஆத்துப்பாலம் மேம்பாலப் பணி 2018-ல் தொடங்கியது. பாலம் திறக்கப்பட்டது 2024 ஆகஸ்ட் 9 அன்று. இப்படி ஆண்டுக்கணக்கில் போக்குவரத்து மாறும் காலத்தில் ஒரு கடைக்குத் தேவை ஆட்டம் பாட்டமுள்ள வீடியோ அல்ல. "இந்த வாரம் எங்கள் கடைக்கு இந்த வழியாக வாருங்கள், வண்டியை இங்கே நிறுத்தலாம்" என்ற இரண்டு வரியும் சரியான மேப் குறியும்தான். தயாரிக்க ஐந்து நிமிடம், பயனோ பல மாதங்களுக்கு!

இன்னொரு பாடமும் உண்டு. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் ஒரே நாளில் பார்வையாளர்களை இழந்தார்கள். எனவே எந்த இடத்தில் போட்டாலும் மூலப் படமும் வீடியோவும் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும்.

என்ன போடுவது? கேட்ட கேள்விக்குப் பதில்

தினமும் புதிதாக யோசிப்பதுதான் களைப்பின் ஆணிவேர். யோசிக்கும் வேலையை வாடிக்கையாளரிடமே விட்டுவிடுங்கள். கல்லா அருகில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். யார் என்ன கேட்டாலும் ஒரு வரி குறித்து விடுங்கள். மீன் கடையில் இப்படி வரும்:

"ஏங்க, இது ஐஸ் மீனா, புது மீனா?"
"அண்ணா, ஒரு கிலோ வாங்கினா சுத்தம் பண்ணினதுக்கப்புறம் எவ்வளவுங்க நிக்கும்?"
"குழந்தைக்குக் குடுக்க முள்ளு கம்மியா எதுங்க இருக்குது?"
"வஞ்சிரம் ஏனுங்க இந்த வாரம் இவ்வளவு விலை?"

நான்கு கேள்வி, நான்கு பதிவு. ஒரு மாதம் முடிந்தது! முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நடிப்போ பாட்டோ வேண்டாம். மீனைக் கையில் எடுங்கள். கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை பழையபடி எழும்புகிறதா என்று காட்டுங்கள். நாற்பது நொடி வீடியோ தயார். இரண்டாவது கேள்விக்கு உங்கள் தராசே கதாநாயகன். சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் நிறுத்துக் காட்டுங்கள். இப்படி எடையை ஒளிக்காமல் காட்டும் கடை மீது வரும் நம்பிக்கையை எந்த விளம்பரமும் தராது.

இந்த முறைக்கு அமெரிக்காவில் ஒரு புகழ் பெற்ற உதாரணம் உண்டு. வர்ஜீனியா மாநிலத்தில் நீச்சல் குளம் அமைத்துத் தரும் 'ரிவர் பூல்ஸ்' என்ற சிறு நிறுவனம் 2008 பொருளாதாரச் சரிவில் மூடும் நிலைக்குப் போயிற்று. அதன் பங்குதாரர்களில் ஒருவரான மார்க்கஸ் ஷெரிடன், வாடிக்கையாளர்கள் தன்னிடம் கேட்ட கேள்விகளையும் அவற்றின் பதில்களையும் 2009 முதல் நிறுவனத்தின் இணையதளத்தில் எழுதத் தொடங்கினார். மற்றவர்கள் சொல்லத் தயங்கிய 'விலை எவ்வளவு ஆகும்?' என்ற கேள்விக்கும் பதில் எழுதினார். நிறுவனம் பிழைத்தது. பிறகு 2017-ல் இந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

ஒரே அச்சு போதும்

"ஒரே மாதிரி போட்டால் சலித்துவிடாதா?" என்று கேட்கலாம். அமுல் வெண்ணெய் விளம்பரத்தைப் பாருங்கள். 1966-ல் சில்வெஸ்டர் டா குன்ஹாவின் விளம்பர நிறுவனம் தொடங்கியது. புள்ளி போட்ட கவுன் அணிந்த சிறுமி, நாட்டு நடப்பு ஒன்று, அதைக் கிண்டல் செய்யும் ஒரு வரி. அச்சு அன்றும் அதுதான், இன்றும் அதுதான். மாறுவது செய்தி மட்டுமே. எழுதுபவருக்கு வடிவத்தைப் பற்றிய கவலை இல்லை. பார்ப்பவருக்கும் தூரத்திலேயே அடையாளம் தெரிகிறது.

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழ் யூடியூப் சேனல்களில் முதன்முதலில் இந்த எண்ணிக்கையை எட்டியது இதுதான். திறந்தவெளியில் சமையல், அதே குழு, அதே வரிசை, கடைசியில் பரிமாறுதல் என்று அங்கும் அச்சு ஒன்றே. ஒவ்வொரு முறையும் மாறுவது சமைக்கும் பண்டம்தான். முழுநேரமாக ஒரு குழுவே செய்யும் வேலை அது, நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. அச்சை மட்டும் கற்றுக் கொள்ளுங்கள்.

உங்கள் அச்சு இப்படி இருக்கலாம்: முதலில் வாடிக்கையாளரின் கேள்வி, அடுத்து பொருளைக் கையில் காட்டும் பதில், கடைசியில் கடையின் பெயரும் நேரமும். எழுத்து நிறம், பின்னணி எதையும் மாற்றாதீர்கள்.

வருடக் காலண்டர்

கேள்விகள் பல ஆண்டுதோறும் அதே மாதத்தில் திரும்பி வரும். மீன் கடைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தமிழகக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் தடை. "விலை ஏன் ஏறிச்சுங்க?" என்ற கேள்வி அப்போது வந்தே தீரும். புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் நிறுத்துவதால் கூட்டம் குறையும். தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ், மாசியில் கோனியம்மன் தேர் என்று ஒவ்வொன்றுக்கும் கடை நேரம் மாறும்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதி வைத்துவிடலாம். அடுத்த வருடம் தேதியை மட்டும் மாற்றினால் போதும். மந்தமான புரட்டாசி மாதத்தைப் பதிவுகளுக்கு முழு விடுமுறையாகவும் வைத்துக் கொள்ளலாம். "கடைப் பதிவுகள் அடுத்த மாதம் தொடரும், கடை வழக்கம் போல் திறந்திருக்கும்" என்று ஒரு வரி போட்டுவிட்டு ஓய்வெடுங்கள். யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

இப்போது கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். போனிலேயே எல்லாம் செய்யலாமே என்று நினைக்கலாம். போனைத் திறந்தாலே நான்கு மெசேஜ் வந்து வேலையைக் கெடுக்கும். சேர்த்து வைத்துச் செய்யும் வேலைக்குக் கம்ப்யூட்டர்தான் ஏற்றது.

1. ஃபோல்டர்கள்: 'கடைப் பதிவுகள்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதற்குள் 'படங்கள்', 'தயார்', 'போட்டவை' என்று மூன்று ஃபோல்டர்கள். யுஎஸ்பி கேபிளில் போனை இணைத்து அந்த வாரப் படங்களை 'படங்கள்' ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். பெயரில் முதலில் ஆண்டு, மாதம், நாள் வரட்டும். '2026-02-10 வஞ்சிரம்' என்பது போலப் பெயரிட்டால் தானாகவே தேதி வரிசையில் அடுக்கிக் கொள்ளும்.

2. அட்டவணை: எக்செல் இல்லாவிட்டால் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும். தேதி, கேள்வி, பதில், படத்தின் பெயர், எங்கே போட்டோம், கேட்டு வந்தவர்கள் என்று ஆறு பத்திகள். நோட்டில் குறித்த கேள்விகளை வாரம் ஒரு முறை இதில் ஏற்றுங்கள்.

3. தமிழில் டைப் செய்ய: விண்டோஸ் செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதிக்குப் போய்த் தமிழ் மொழியைச் சேருங்கள். தமிழ் 99, ஃபோனெடிக் ஆகிய விசைப்பலகைகள் விண்டோஸிலேயே கிடைக்கின்றன. விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். டைப் செய்யவே வராதா? குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸைத் திறந்து, 'டூல்ஸ்' மெனுவில் 'வாய்ஸ் டைப்பிங்' தேர்ந்தெடுத்து, தமிழ் என்று அமைத்து, மைக்கில் பேசுங்கள். நீங்கள் பேசப் பேசக் கம்ப்யூட்டரே டைப் செய்யும். பிழைகளை மட்டும் திருத்தினால் போதும்.

4. திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர்க்க: விண்டோஸ் கீயுடன் 'வி' கீயை அழுத்தினால் நீங்கள் காப்பி செய்தவற்றின் பட்டியல் வரும். முதல் முறை 'டர்ன் ஆன்' கொடுக்க வேண்டும். கடை முகவரி, நேரம் போன்றவற்றை அதில் 'பின்' செய்து வைத்தால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அழியாது.

5. முன்கூட்டியே நேரம் குறிக்க: மிக முக்கியமான வசதி இதுதான். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளுக்கு 'மெட்டா பிசினஸ் சூட்', யூடியூப் வீடியோக்களுக்கு 'யூடியூப் ஸ்டூடியோ' ஆகியவற்றில் 'ஷெட்யூல்' என்ற வசதி இலவசமாக உண்டு. செவ்வாய்க்கிழமை தயாரித்ததை "ஞாயிறு காலை 6 மணிக்குப் போடு" என்று சொல்லிவிடலாம். ஞாயிறு காலை நீங்கள் மீன் வெட்டிக் கொண்டிருக்கும்போது பதிவு தானாகப் போய்விடும்.

6. பேக்கப்: மாதம் ஒரு முறை முழு ஃபோல்டரையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தில் முக்கியமானவற்றை மட்டும் வைக்கலாம். எல்லாக் கணக்குகளுக்கும் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' வசதியை மறக்காமல் இயக்குங்கள்.

ஒரு பதிலை ஐந்தாக்குங்கள்

எடுத்த ஒரு வீடியோவை ஒரே இடத்தில் போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடாதீர்கள். 'புது மீனை எப்படிக் கண்டுபிடிப்பது?' என்ற ஒரே பதில் ஐந்து உருவம் எடுக்கும். இன்ஸ்டாகிராமில் வீடியோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதிலிருந்து ஒரு படம், கூகுள் புரொஃபைலில் இன்னொரு படம், வாட்ஸ்அப் பிசினஸில் 'குயிக் ரிப்ளை', கடைச் சுவரில் பிரிண்ட் எடுத்து ஒட்டிய அட்டை. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் இரண்டு மாதம் கழித்து மீண்டும் போடலாம்.

வீடியோவுக்குச் சினிமாப் பாட்டைப் பயன்படுத்தாதீர்கள். வியாபாரத்திற்கு அது உரிமைச் சிக்கலைக் கொண்டு வரும். 'யூடியூப் ஆடியோ லைப்ரரி' போன்ற இடங்களில் கிடைக்கும் இசையைப் பயன்படுத்தலாம். வாடிக்கையாளர் முகம் தெரிவதாக இருந்தால் அவரிடம் அனுமதி கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உதவுமா?

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றிடம் பதிவு எழுதித் தரச் சொல்லலாம். நீங்கள் பேசியதைச் சுருக்கவும், பிழை திருத்தவும், ஒரே பதிலை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் மாற்றவும் அவை நன்கு உதவும். ஆனால் உங்கள் தராசில் எவ்வளவு நின்றது, இன்று விலை என்ன என்பது அவற்றுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போல எழுதிவிடும் குணமும் அவற்றுக்கு உண்டு. "நோய் தீரும்" என்பது போன்ற வரி வந்தால் உடனே வெட்டுங்கள். தவறான விளம்பரத்துக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அபராதம் உண்டு. பொறுப்பு உங்களுடையது.

கடையை அடைப்பது போல் போனையும் அடையுங்கள்

மென்பொருள் துறையில் நாங்கள் இரவு நேரக் கோளாறுகளைப் பார்க்க முறை வைத்து மாறி மாறி ஆட்களை நியமிப்போம். ஒரே ஆள் எல்லா இரவும் விழித்திருந்தால் பகலில் அவர் எழுதும் புரோகிராமில் பிழை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவருக்கு முறை மாற ஆள் கிடையாது. எனவே ஒரு நேர எல்லையாவது வேண்டும்.

வாட்ஸ்அப் பிசினஸில் 'அவே மெசேஜ்' வசதியை இயக்குங்கள். "கடை காலை 6 மணிக்குத் திறக்கும். அப்போது பதில் அனுப்புகிறோம். நன்றி" என்று கடை மூடிய நேரத்தில் அதுவே பதில் அனுப்பும். அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குக் 'குயிக் ரிப்ளை' அமைத்தால் ஒரு சாய்கோடும் சிறு சொல்லும் டைப் செய்தாலே முழுப் பதிலும் வந்து நிற்கும். லைக், கமெண்ட் அறிவிப்புகளை முழுவதுமாக நிறுத்துங்கள். அவற்றைப் பார்க்க வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரம் இருக்கவே இருக்கிறது.

எதை எண்ணுவது?

ஒரு வீடியோவை லட்சம் பேர் பார்த்தாலும் அவர்களில் பெரும்பாலோர் வெளியூரில் இருந்தால் உக்கடத்தில் உள்ள மீன் கடைக்கு என்ன லாபம்? நூறு பேர் பார்த்து அதில் ஐந்து பேர் குனியமுத்தூரிலிருந்தும் செல்வபுரத்திலிருந்தும் வந்து வாங்கினால் அதுதான் கணக்கு. புதிதாக வருபவரிடம், "எப்படிங்க நம்ம கடை தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். பதிலை அட்டவணையின் கடைசிப் பத்தியில் குறியுங்கள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். எந்தப் பதிவு ஆளைக் கூட்டி வந்தது, எது வெறும் லைக் வாங்கியது என்று தெளிவாகத் தெரியும். ஆள் வராத வகையை அன்றே நிறுத்திவிடுங்கள். இப்படி நிறுத்துவதும் ஒரு சேமிப்புதான்.

இந்த வாரம் மூன்று வேலைகள் மட்டும் செய்யுங்கள். கல்லா அருகில் நோட்டு வையுங்கள். கூகுள் புரொஃபைலில் நேரமும் போன் எண்ணும் சரியா என்று பாருங்கள். அவே மெசேஜை இயக்குங்கள். அடுத்த வாரம் உங்கள் மந்தமான நாளில், நோட்டில் அதிக முறை வந்த கேள்வியை எடுத்துக் கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்காருங்கள். ஒன்றரை மணி நேரம் ஆனதும், வேலை பாதியில் இருந்தாலும், 'சேவ்' கொடுத்துவிட்டு எழுந்து விடுங்கள். மீதி அடுத்த வாரம்!